மூத்திரத்தை அடைத்த அக்கி

தோவாளை பூச்சந்தையில் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் எனக்கு அக்கி வந்தது. இடம் குண்டி, சுற்றிவளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊர் வழக்கப்படி பானை செய்கிறவரிடம் போய், கொப்புளத்தின் மேல் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இது பூனையில்லா?" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் மூத்திரம் நின்றுவிட்டது. முட்டுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. புத்திசாலித்தனமாக இரண்டு இளநீர் வேறு குடித்துத் தொலைத்தேன். மதியம் அடிவயிறு பலாப்பழமாகிவிட்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். ஒன்றேகால் லிட்டர்! அழுதே விட்டேன், ஆனந்தத்தில்.

டாக்டரம்மா கேட்டார், "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?"

குண்டியில் சிங்கம் இருக்கிறதென்று ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்ல? "ஒண்ணும் இல்ல."

அப்படியானால் புராஸ்டேட் வீக்கமாக இருக்கும், ஆபரேஷன்கூட தேவைப்படலாம் என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரே, இவருக்குக் குண்டியில அக்கி. அதுக்கு மேல ஒரு பூனை வேற."

"பூனை இல்லட்டி, சிங்கம்!" என்று கத்திவிட்டேன்.

டாக்டரம்மா சிரிக்காமல் பார்த்தார். சிஸ்டர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"அந்த இடத்துல வர்ற அக்கி, மூத்திரப்பைக்குப் போற நரம்பையும் பிடிச்சிரும். பை நிறைஞ்சாலும் பிழியத் தெரியாது. மாத்திரை தாறேன். ஆபரேஷன் இப்ப வேண்டாம். நரம்பு சரியானா தானா வரும்."

"சரியாகலன்னா?"

"பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' மூன்று வாரம் என் தூக்கத்தைத் தின்றது. குழாயும் பையுமாகவே காலம் தள்ளணுமோ? கட்டைப்பைக்குள் அந்தக் குழாய்ப் பையை மறைத்துக்கொண்டு சந்தைக்குப் போவேன். பக்கத்துக் கடைக்காரர், "பையில என்ன ஓய், ஜூஸா?" என்பார். "உமக்கு ஒரு கிளாஸ் தரட்டா?" என்பேன்.

நான்காம் வாரம் குழாயை எடுத்தார்கள். மதியத்துக்குள் தானாகப் போகாவிட்டால் திரும்பவும் குழாய். தண்ணீராகக் குடித்துவிட்டு, அளவு ஜாடியோடு கழிவறைக்குள் நின்றேன்.

"வந்துதா?" வெளியிலிருந்து அவள்.

"பேசாம இரிட்டி, பயந்துரும்."

ஒரு சொட்டு. பிறகு நூல் மாதிரி. பிறகு, அடேயப்பா, திற்பரப்பு அருவி! முந்நூறு மில்லி. ஸ்கேனில் பை காலி என்று அவர்கள் சொல்லும்வரை எனக்குப் பொறுமையில்லை. ஜாடியை உலகக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன்.

"ஐயோ, அத மூடிட்டு வாங்க!" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் மூடவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள்.