புது ஸ்டிக்கர்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். கடைசியில் சிவகாசிக்கே திரும்பி வந்து பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். மகள் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருந்தாள். தீபாவளி போனஸோடு அவளுக்கு லேப்டாப் வாங்கச் சாத்தூர் போனோம்.

எங்கள் பணத்துக்கு இரண்டுதான் அகப்பட்டன. ஒன்று ஏதோ ஆபீசில் ஓடிய பழையது, மூடியெல்லாம் கீறல். மற்றது பளபளவென்று புது ஸ்டிக்கரோடு இருந்தது.

மகள் இரண்டையும் போட்டுப் பார்த்தாள். "கீறல் மேலதானப்பா இருக்கு. இந்தப் பழசுதான் வேகமா ஓடுது."

"இதத் தூக்கிட்டுப் போனா பிள்ளைக சிரிக்கும் தாயி. எனக்குச் சரக்குப் பாக்கத் தெரியாதாக்கும்?" என்று பளபளப்பானதை வாங்கினேன்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம் அது அணைந்துபோனது. அவள் எழுதி வைத்திருந்த புராஜெக்ட் முழுவதும் அதில்தான் இருந்தது. பழுது பார்ப்பவர் அடியிலிருந்த ஸ்டிக்கரை உரித்தார். அதற்குக் கீழே மங்கிப்போன இன்னொன்று இருந்தது.

"பழசுக்குப் புதுசு ஒட்டி வித்திருக்காக அண்ணாச்சி. உள்ள ஒண்ணும் தேறாது."

போன வருடம் விற்காமல் திரும்பி வந்த வெடிகளுக்குப் புது லேபிள் ஒட்டி லோடு ஏற்றுவதுதான் கம்பெனியில் என் வேலை.

பஸ்ஸில் மகள் அழுது முடித்துவிட்டு என்னைத் தேற்றினாள். "விடுங்கப்பா. அந்த ஸ்டிக்கர நீங்களா ஒட்டுனீக?"

நகத்தில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே வந்தேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. மறுநாளும் லேபிள் ஒட்டத்தான் போனேன்.