அட்டவணையில் ஒரே ஒருவர் இருந்த வரி

ஜனார்த்தனன் இறந்த செய்தி வந்தபோது நான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸில் சன்னலோர இருக்கை பிடித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தப் போக வேண்டியிருந்தது. துறை அலுவலகத்திலிருந்து போன். "சார், ஜனார்த்தனன் சார் காலையில தவறிட்டாரு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிருச்சு." பஸ்ஸை விட்டு இறங்கினேன். அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. ஏன் பயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று நினைவு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டீர்கள். 'இனிய நண்பர், எளிய மனிதர்' என்று பூசி மெழுகிக் கொடுத்திருக்கலாம். அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் அவரை நல்லவர் என்றே சொன்னீர்கள். கூடவே ஒரு குறையும் சொன்னீர்கள். "தங்கமான மனுசன்தான், அந்த மில் விவகாரத்துல மட்டும் கவனக்குறைவா இருந்துட்டாரு." இந்தப் பேச்சு என் காதுபட எத்தனையோ முறை நடந்திருக்கிறது. நானும் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் மனிதவள மேலாண்மைத் துறையில் ஒரே வாரத்தில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தவர்கள். அவர் தெப்பக்குளத்துப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பம். நான் மிஷன் பள்ளி வாத்தியார் மகன். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் தங்கள் மொழியில் படபடவென்று பேசுவார். "என்னயத்தான திட்டுற?" என்பேன். "ஆமா மாப்ள, உன்னயத் திட்டத் தமிழ் பத்தல" என்பார். துறையின் பெயரே அவருக்குப் பிடிக்காது. "மனுசன வளம்னு சொன்னா தோண்டி எடுக்கத்தான சார் தோணும்?" என்று துறைத் தலைவரிடமே கேட்டவர்.

தொண்ணூறுகளின் நடுவில், ஊருக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையில் தொழிலாளர்களின் வேலைத் திருப்தி பற்றி இருவரும் ஆய்வு செய்தோம். மில்லுக்குள் வைத்து வினாத்தாளைக் கொடுத்தோம். சொல்லிவைத்தது போல எல்லோரும் 'முழுத் திருப்தி' என்ற கட்டத்தில் டிக் போட்டார்கள். எனக்கு வேலை முடிந்தது என்று சந்தோஷம். அவர் அத்தனை தாள்களையும் ஓரமாக வைத்துவிட்டார். "எல்லாரும் சந்தோசம்னு வந்தா, நாம கேட்ட இடம் தப்புன்னு அர்த்தம்." அதற்குப் பிறகு ஷிஃப்ட் முடிந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறவர்களை, அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்கத் தொடங்கினார். கேள்வியை வாசித்துக் காட்டிவிட்டு, பதில் வரும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு எரிச்சல் வரும்.

அப்படித்தான் பாண்டியம்மாள் பேசினார். நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். முதலில் வாயே திறக்கவில்லை. "பேரு வராதுல்ல சார்?" என்று மூன்று தரம் கேட்டார். "வராதும்மா. யாரு சொன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நான் பொறுப்பு" என்றார் ஜனார்த்தனன். அதன் பிறகே கொட்டினார். கழிப்பறைக்குப் போக மேஸ்திரியிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஷிஃப்டுக்கு இரண்டு டோக்கன்தான். மூன்றாவது தரம் கேட்டால் அவன் என்ன பேசுவான் என்பதையும் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன்.

மில்லுக்குள் அனுமதி தரும்போதே அறிக்கையின் பிரதி ஒன்று தங்களுக்கு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருந்தது. அட்டவணைகள் என் பொறுப்பு. துறைக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு. "அஞ்சு பேருக்குக் கொறஞ்ச வரி எதுவும் தனியா நிக்கக் கூடாது மாப்ள. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துரு" என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். சேர்த்தால் அட்டவணை மொட்டையாகத் தெரிந்தது. பிரிவு, ஆண், பெண், பணிக்காலம் என்று பிரித்துப் போட்டால் கண்ணைப் பறித்தது. ஒரு கருத்தரங்குக்குக் கிளம்புகிற அவசரம் வேறு. அவரிடம் காட்டாமலே நானே கொண்டுபோய் மில்லில் கொடுத்தேன். அந்த மில்லில் பெண்கள் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை. கோன் பிரிவு, பெண், பதினைந்து ஆண்டுக்கு மேல் என்ற வரியில் இருந்தது ஒரே ஒருவர். மேஸ்திரியின் நடத்தை என்ற தலைப்பில் அவர் பதில்: முழு அதிருப்தி. அடிக்குறிப்பில் டோக்கன் கதை. பேர் போட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த வாரம் பாண்டியம்மாளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

விவகாரம் துறைக் கூட்டத்துக்கு வந்தது. அறிக்கையைக் கொடுத்தது யார் என்று தலைவர் கேட்டார். பேச்சில் நான் புலி என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை. பதவி உயர்வுப் பட்டியல் போகிற நேரம் அது. ஜனார்த்தனன் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்தது நான் சார். நான்தான் பொறுப்பு." அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள் அதைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். நான் அதை வசதியாக எடுத்துக்கொண்டேன்.

மாடிப்படியில் பின்னாலேயே ஓடினேன். "ஏன்டா இப்படிச் செஞ்ச?" என்றேன். "நீ சொல்லுவன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பி, "இங்க சொல்லி ஒண்ணும் ஆகப் போறதில்ல. தோணுனன்னைக்கு அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை. சார் என்றார்.

நான் பேராசிரியரானேன், துறைத் தலைவரும் ஆனேன். அவருக்கு எந்த மில்லும் கதவு திறக்கவில்லை, எந்த ஆய்வுத் திட்டமும் வரவில்லை. மாணவர்களின் அட்டவணைகளைப் பென்சிலால் வரி வரியாகத் தடவிப் பார்த்துக்கொண்டு கடைசி அறையில் உட்கார்ந்திருந்தார். என் மாணவர்களின் தாள்களையும் கேட்டு வாங்கிப் பார்ப்பார். எனக்கு அது சுருக்கென்று இருக்கும், ஆனாலும் கொடுத்தனுப்புவேன். பாண்டியம்மாளிடம் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே பத்து வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அவரும் போன பிறகு உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்; பஸ்ஸில் வந்த பயம் அதுதான்.

துக்க வீட்டில் அவருடைய மனைவி என்னைத் தனியே அழைத்தார். "பாண்டியம்மாளுக்குத் தகவல் சொல்லணும்ணே. மாசம் தவறாம இவரு போய்ப் பாத்துட்டு வருவாரு. வண்டியூர்லதான் இருக்காங்க. நீங்க சொல்லிருவீங்களா?" ஜனார்த்தனன் அங்கே போய்வருவது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

காரியம் முடிந்த மறுநாள் போனேன். பாண்டியம்மாள் வீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் உதிரிப் பூ வாங்கிக் கட்டி விற்பதுதான் இப்போது பிழைப்பு. யார் என்று சொன்னதும், "காலேஜு சாரா, உள்ள வாங்க, உக்காருங்க" என்று பாய் விரித்தார், தண்ணீர் கொடுத்தார். இறந்த செய்தியைச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தார். மிச்சத்தையும் சொன்னேன். அந்த அட்டவணை போட்டது நான், சேர்க்கச் சொல்லியும் சேர்க்காதது நான், கொண்டுபோய்க் கொடுத்ததும் நான். கொடுத்து முடிக்கும்வரை ஜனார்த்தனனுக்கு அது தெரியவே தெரியாது.

பாண்டியம்மாள் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவரு ஒரு வார்த்த சொல்லலையே சார். வெயிலோ மழையோ வந்து நிப்பாரு. நல்லா இருக்கியாம்மான்னு கேப்பாரு. என் பொழப்பக் கெடுத்த ஆளுன்னு நெனச்சு, அம்புட்டு வருசமும் வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டேன். ஒரு நா உள்ள வாங்கன்னு சொல்லல. ஒரு வாய்த் தண்ணி குடுக்கல."

நான் பாயை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன். அவர் தடுக்கவில்லை.

ஜனார்த்தனனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதச் சொல்கிறீர்கள். கவனக்குறைவு என்று அவர் மேல் நீங்கள் சொன்ன அந்தக் குறை. அது என்னுடையது. இத்தனை வருடம் அவரிடம் இருந்தது, இப்போது வாங்கிக்கொண்டேன்.