யூதாசை இழுத்துப்போன ஆஸ்திரேலியப் பாட்டு

இன்று பாலக்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணின் போனிலிருந்து ஒரு கிடார் ஓலமிட்டது. நான் "எங்கப்பாவ உடுங்கடா!" என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

எண்பதுகளில், இயேசுவின் பாடுகளை நடிக்கும் எங்கள் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷம் எப்போதும் அப்பாவுக்குத்தான். மேடையில் அவர் தூக்குப் போட்டுக்கொண்டதும் மைக்செட்காரர் ஒரு கேசட்டைப் போடுவார். யாரோ வெளிநாட்டு விருந்தாளி சர்ச் சாமியாரிடம் விட்டுப்போனது.

அந்தக் கிடார் ஓலத்தில் கரி பூசிய பிசாசுகள் வந்து அப்பாவை நரகத்துக்கு இழுத்துப்போகும். நான் அம்மாவின் முந்தானைக்குள் நடுங்குவேன். வேஷம் கலைத்துவிட்டு வந்தாலும் அப்பா என்னைத் தொட விடமாட்டேன். நரகத்திலிருந்து வந்தவரல்லவா?

"பயந்துட்டீங்களாக்கா? இது ஆஸ்திரேலியா பேண்டுங்க," என்றாள் அந்தப் பெண். "அப்ப ஒரே ஒரு ஆல்பம் போட்டாங்களாம். யாருமே கேக்கலைன்னு கலைஞ்சி போயிட்டாங்க. இப்ப யாரோ அத நெட்டுல போட, வயசான காலத்துல மறுபடி ஊரு ஊரா வாசிக்கறாங்க."

யாருமே கேட்கவில்லையா? வருஷா வருஷம் ஒரு ஊரே கேட்டு அலறியதே!

"என்ன பாட்டும்மா இது?"

"வூட்ட விட்டுப் போன அப்பாவ, திரும்பி வாங்கன்னு மகன் கூப்புடற பாட்டுங்க்கா."

அப்பா இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.

"மறுபடி போடட்டுங்களா?" என்றாள். "வேணாம்மா" என்று அவசரமாகக் கையைப் பிடித்தேன்.

அந்தப் பேண்டுக்கு ஒரு ரசிகர் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். 'அன்புள்ள பிசாசுகளே' என்று தொடங்கினால் கோபித்துக்கொள்வார்களா?