பெட்டி தூக்கப் பழகிய கதை

போன ஞாயிறு, ஒஸ்லோ சென்ட்ரல் ஸ்டேஷனில், என் மனைவியின் பெட்டியைத் தூக்கி ரயிலின் மேல்தட்டில் வைத்தேன்.

இதையெல்லாம் ஒரு பத்தியில் எழுதுவதா என்கிறீர்களா? எனக்கு இதற்கு மூன்று மாதம் பிடித்தது ஐயா!

மனைவி ராஜிக்கு எட்டு மணி நேர ரயில் தூரத்தில், ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி வேலை. எனக்கு இங்கே ஜன்னல் கழுவும் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெள்ளி வருவாள், ஞாயிறு போவாள். பெட்டியை வைக்கிற சாக்கில் நானும் ரயிலில் ஏறி அவளோடு கொஞ்ச நேரம் நிற்பேன். பெட்டி மேலே போனதும், “போதும், இறங்குங்கோ” என்று விரட்டுவாள். கல்யாணமாகிப் பதினாறு வருடம். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இரண்டு கிழமை ஏங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தோள்வலி வந்தது... அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று. கையை உயர்த்தினால் உயிர் போனது. “நீங்கள் ஏறவேண்டாம், கையைப் பாருங்கோ” என்று ராஜி என்னைக் கீழேயே நிறுத்திவிட்டாள். பெட்டியை ஒரு நெட்டை நோர்வேக்காரன் தூக்கி வைத்தான். நல்ல மனிதன்தான். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் நண்பர் குகன் போனில் வைத்தியம் சொன்னார். “அண்ணை, கையை அசைக்கவே கூடாது. எண்ணெய் பூசிக் கட்டிப்போட்டு விடுங்கோ.” கட்டிப்போட்டேன். ஒரு மாதத்தில் சட்டை போடவும் முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஈங்கர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. தோளின் தசைநார் நொந்திருக்கிறது, சும்மா வைத்திருந்தால் பலம் இன்னும் குறையும், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்தால்தான் தேறும் என்றார். பிறகு கேட்டார்: “இந்தக் கையால் என்ன செய்ய ஆசை?”

‘வேலைக்குப் போக’ என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ‘மனைவியின் பெட்டியை ரயிலில் தூக்கி வைக்க’ என்று வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.

முதலில் ரப்பர் பட்டி இழுத்தேன். பிறகு அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல். பிறகு ஒரு கிலோ சீனி... கொஞ்சம் நோகலாம், மறுநாள் காலையிலும் நொந்தால் ஒரு படி இறங்கவேண்டும் — இதுதான் சட்டம். நாமோ அவசரக்காரர்கள்! நாலாம் கிழமையே ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடியும் ரப்பர் பட்டி.

இதற்கிடையே ராஜி ஆறு தரம் வந்து போனாள். ஆறு தரமும் கீழே நின்று, கண்ணாடி வழியே, நல்ல கையால் டாட்டா காட்டினேன்.

ஆக, போன ஞாயிறு. பெட்டி மேலே போனது. தோள் முனகவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. இனி விரட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

“இஞ்சேருங்கோ, அது விழுந்திடும் போலக் கிடக்கு. இறக்கி அங்காலை வையுங்கோ.”

வைத்தேன்.

“அங்கை வைச்சால் என்ரை கண்ணுக்குத் தெரியாது. இஞ்சாலை வையுங்கோவன்.”

இறக்கிக்கொண்டே திரும்பினேன். ராஜி பெட்டியைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதும்வரை, அந்தப் பெட்டிக்கு ஓர் இடமும் சரிவரவில்லை.