ஐந்தில் திரும்பினோம்

எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனாலும், தினமும் என்னோடு ஓடும் கோரிப்பாளையம் காதர் பாய், "ரமலான்ல வர்ற ஓட்டத்துல பத்து ஓடுவமாண்ணே?" என்று கேட்டபோது, சரி என்றுவிட்டேன். நோன்பு வைப்பவரே ஓடும்போது மறுக்க வெட்கமாக இருந்தது.

ஓட்டத்தன்று ஆனையூர் தாண்டி, ஐந்து கிலோமீட்டர்க்காரர்கள் திரும்பும் இடம் வந்தது. கழுத்தில் விரல் வைத்து நாடியை எண்ணினேன். நூற்றைம்பது. டாக்டர் சொன்ன எல்லை நூற்று முப்பது. நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. பாய் பத்துக்கான பாதையில் நுழைந்துவிட்டார்.

"பாய், என்னால முடியல!" என்று கத்தினேன்.

அவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். அவர் உதடுகள் வெடித்திருந்தன.

"இதக் கொஞ்சம் முந்திச் சொல்லக்கூடாதாண்ணே? எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. நீங்க மாட்டேன்னுருவீகன்னு நெனச்சுத்தான் பத்துன்னு கேட்டேன். சரின்னதும் நான் எப்பிடிப் பின்வாங்க?"

திரும்பி மெல்ல நடந்தோம். வழியில் ஒரு பெண் தண்ணீர் நீட்டினார். பாய் முன்னால் குடிக்கத் தயங்கினேன்.

"குடிங்கண்ணே. மறுபடியும் எனக்காக வீம்பு பண்ணாதீக."

குடித்தேன். என் இதயத்துக்குப் பயந்ததைவிட அந்த மனிதரின் ஒரு கேலிச் சிரிப்புக்கு நான் அதிகம் பயந்திருக்கிறேன். அவர் சிரிக்கவே இல்லை.