கேப்டன் பெட்டி

பழைய பெட்டிக் கடையின் உள்ளறையில் ‘ணங்’கென்று இரும்புப்பட்டை மூடி விழுந்த சத்தத்திலேயே அது எந்தப் பெட்டி என்று பெட்டிக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

பழைய பட்டாளத்துப் பெட்டிகளை மதிப்பிடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆணி அசலா, கீல் மாற்றியதா என்று விரலால் தடவியே சொல்லிவிடுவார். மூடியில் பெயரும் நம்பரும் இருந்தால் விலை ஏறும். அதிகாரியின் பெயரென்றால் இன்னும் ஏறும். அந்த ஆசைதான் அவரைக் கெடுத்தது. போன வருடம் வந்த ஒரு சாதாரணச் சிப்பாயின் மரப்பெட்டியை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பெயின்டில் ‘கேப்டன்’ என்று எழுதிவைத்தார். உள்ளே, அடியில் கருகியிருந்த இடத்தை மறைக்கப் பழைய காகிதம் ஒட்டினார்.

எழுந்து உள்ளே போனார். வந்திருந்தவள் ஒரு நர்ஸ். போன வருடம் அப்பா செத்த பத்தாம் நாள் அண்ணன் அவர் பெட்டியை விற்றுவிட்டானாம். கடை கடையாகத் தேடுகிறாள்.

“இவர்கிட்ட கேளும்மா,” என்றாள் பெட்டிக்காரரின் மனைவி. “பெட்டியப் பார்த்தாலே அதோட அப்பன் பேரைச் சொல்லுவாரு!”

நர்ஸ் சிரித்தாள். “எங்கப்பா பட்டாளத்துல சமையக்காரர்ண்ணே. அதிகாரி திடீர்னு சோதனைக்கு வரவும், திருட்டுத்தனமாக் கறி வறுத்துக்கிட்டிருந்த சட்டியச் சூட்டோட பெட்டிக்குள்ள ஒளிச்சுட்டாராம். அடியில வட்டமாக் கருகிடுச்சு. மூடியில நம்பர் அவர் கையாலயே எழுதினது. இதுவும் அதே மாதிரிதான் இருக்கு. ஆனா யாரோ கேப்டனோடதாச்சே.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், போய்விடுவாள். அவள் வாசல்படியைத் தொட்டபோது அவருக்குத் தாங்கவில்லை.

“இரும்மா.”

மண்டியிட்டு மூடியைத் திறந்து, நகத்தால் அடிக் காகிதத்தைக் கிழித்தார். கருத்த வட்டம் தெரிந்தது.

நர்ஸ் ஓடிவந்து அதைத் தடவினாள். பிறகு மூடியைத் தடவினாள்.

“நம்பர் எங்கண்ணே?”

“நான்தாம்மா... தேய்ச்சுட்டேன். கூட விலைக்குப் போகும்னு.”

‘கேப்டன்’ என்ற வெள்ளை எழுத்தின் மேல் அவள் விரலை ஓட்டினாள்.

“எங்கப்பாவுக்குப் பெரிய பதவியெல்லாம் குடுத்திருக்கீங்க. அவரோட கையெழுத்துதான் இல்ல.”

“காசு வேண்டாம், எடுத்துட்டுப் போம்மா. ஆட்டோ வரைக்கும் நான்...”

“வேண்டாம். இனிமே நீங்க அதத் தொடாதீங்க.”

நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்காமலே மனைவி குனிந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு பெண்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். மனைவி காலாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.