வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்

ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்பது "இன்னாத்துக்கு?" என்றுதான். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அக்காவிலிருந்து கூடப் பிறந்த அண்ணன் வரைக்கும் அதே கேள்வி. தையல் படிக்கிறேன் என்றால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அழகுக்கலை படிக்கிறேன் என்றாலும் விட்டுவிடுவார்கள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, எட்டு வயதுப் பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு, காதால்கூடக் கேட்டிராத ஒரு பாஷையைப் படித்தால் மட்டும் ஊருக்கே காரணம் தெரிய வேண்டும். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். பிறகு "சும்மாத்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொள்ளப் பழகினேன்.

விளக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்தது, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கிற ஒரு சின்ன அலுவலகம். அந்த ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்களில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். பில்லைப் பார்த்துப் பதறிப்போய் போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல சென்னையில் தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். கம்பெனியே ஆன்லைனில் வகுப்பு நடத்தும், கடைசியில் பேச்சுத் தேர்வு, தேறினால் சென்னையில் வேலை என்றார்கள். எங்கள் கிளையில் கை தூக்கியது நான் ஒருத்திதான்.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. என் மகளை மாமியார் வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தை கொடுமைக்காரி இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் பிள்ளைக்கும் வேளாவேளைக்குச் சோறு இருந்தது, ஒரு அறை இருந்தது. ஆனால் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் "அவன் இருந்திருந்தா" என்றுதான் ஆரம்பிக்கும். என் கணவர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர் வாய்க்கால் மதகு ஓரம் கவிழ்ந்தது. அன்றைக்கு லோடு போகாமல் இருந்திருந்தால். முன்னால் போன மாட்டுவண்டிக்கு வழிவிட்டு நின்றிருந்தால். நான் ரெண்டு வாய் சாப்பிட வைத்து அனுப்பியிருந்தால் நேரம் மாறியிருக்கும், எமனும் தாண்டிப் போயிருப்பான். இந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டு காப்பி கொடுத்திருக்கிறேன்.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் என் மகள் ஸ்கூல் பையை வீசிவிட்டு, "அப்பா இருந்திருந்தா நான் கணக்குல பாஸ் ஆயிருப்பேன்" என்றாள். இந்தப் பிள்ளையும் அதே பாட்டைப் பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் விடமாட்டாள் என்று தெரிந்தது. அந்த வாரம்தான் அலுவலகத்தில் கை தூக்கினேன்.

வகுப்பு காலையில். சொல்லிக்கொடுத்த மேடம் கொலம்பியாவில் இருந்தார், அவருக்கு அது முன்னிரவு. எங்கள் வீட்டில் மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். மாடி முழுக்க அத்தை மரவள்ளிக் கிழங்கைச் சீவிக் காயப்போட்டிருப்பார். நடுவில் ஒரு சாக்கை விரித்து, தண்ணீர்த் தொட்டியில் போனைச் சாய்த்து வைத்துப் படித்தேன். எதிரே மேற்கில் கல்வராயன் மலை நீளமாகக் கிடக்கும்.

ரெண்டாம் நாளே அத்தை மேலே வந்துவிட்டார். காக்கா விரட்ட வந்ததாகச் சொன்னார். போனில் தெரிவது பொம்பளைதானா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கையில் குச்சியோடு ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அதற்கப்புறம் தேர்வு முடிகிற வரைக்கும் அந்த வகுப்பில் எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு பேர்.

பெயர்ச்சொல், வினைச்சொல், நேற்று, இன்று, நாளை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு, "செய்வேன்" என்று உறுதியாகச் சொல்லாமல், ஒன்று நடந்தால் இன்னொன்று செய்வேன் என்று சொல்கிற முறைக்கு வந்தோம். வினையின் வாலில் ஒரு "ரியா"வைக் கட்டிவிட்டால் போதும். வாழ்வேன் என்பது விவிரியா. போவேன் என்பது இரியா. போனில் மரியாதையாகப் பேசவும் இதுதான் வேண்டும், இது இல்லாவிட்டால் அதட்டுகிற மாதிரி இருக்கும் என்றார் மேடம். நாங்கள் ஒரு "ங்க" போட்டு முடித்துவிடுகிற சமாச்சாரம்.

எனக்கு இது சுலபமாக வரும் என்றுதான் நினைத்தேன். "ஆல்" போட்டுப் பேசுவதில் என் உறவுக்காரர்கள் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், அவர்கள் மத்தியில் வருஷக்கணக்கில் இருந்தவள் நான். ஆனால் அவர்களுடைய "ஆல்" எல்லாம் பின்னால் பார்க்கிறது. மேடம் கேட்டது முன்னால் பார்க்கிற "ஆல்". அது எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை.

மேடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். உங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடிந்தால் எங்கே வாழ்வீர்கள்? சென்னையிலிருந்து படித்த பையன் பாரிஸ் என்றான். இன்னொரு பெண் ஒரு தீவு என்றாள். என் முறை வந்தது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்து, பிழையில்லாத ஸ்பானிஷில், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றது.

யாரோ மைக்கை அணைக்க மறந்து சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. வாக்கியம் சரியாக இருக்கிறது என்று முதலில் பாராட்டினார். பிறகு, நான் உங்களை எங்கேயும் கூப்பிடவில்லையே, இது வெறும் கற்பனைதானே, இதை யாரிடம் கேட்பீர்கள் என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். பக்கத்தில் அத்தை காக்காவை விரட்டிக்கொண்டிருந்தார். மேடம் அடுத்தவரிடம் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சிரித்தவர்கள் மேல் இல்லை, என் மேல்தான். புடவை எடுக்கக் கேட்பேன். அம்மா வீட்டுக்குப் போகக் கேட்பேன். தலைவலிக்கு டாக்டரைப் பார்க்கக் கேட்பேன். அதெல்லாம் எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வது, அது கேட்பது என்றுகூடத் தோன்றாது, மரியாதை என்று தோன்றும். ஆனால் மனசுக்குள் ஒரு ஊரில் குடியிருக்கவும் பர்மிஷன் கேட்கிற அளவுக்குப் போய்விட்டேன் என்பதை, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு அம்மா கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் போனதும் கோபம் மட்டும் மிச்சமிருந்தது, அது நல்லதுக்குத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கிளப்பினேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். சங்கராபுரம் போய், கள்ளக்குறிச்சி போய், அங்கே கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கு பஸ் ஏறினோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மலையை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன், ஒருநாளும் ஏறியதில்லை. "கரும்பு சீசன் முடிஞ்சா போலாம்" என்பார் என் கணவர். சீசன் முடிந்தால் வேறு லோடு வரும்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயா கிட்ட கேட்டியாம்மா?" என்றாள். என் மாமியார் அவளுக்கு ஆயா. இல்லை என்றேன். "அப்ப யாரக் கேட்டு வந்தோம்?" என்றாள். யாரையும் கேட்கவில்லை என்றேன். அவளுக்கு அது மலையைவிடப் பிடித்துவிட்டது. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் "யாரையும் கேக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முன் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார்.

கீழேயிருந்து நீலமாகத் தெரிந்த மலை, மேலே போனால் சாமைக் கொல்லையும், மரவள்ளியும், ஸ்கூலும், டீக்கடையுமாக எங்கள் ஊர் மாதிரியேதான் இருந்தது. குளிர் மட்டும் ஜாஸ்தி. பலாச்சுளை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். அங்கே வைத்து மேடத்துக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லிப் பார்த்தேன். விவிரியா. கடல் இருக்கிற ஊரில் வாழ்வேன். சமையலறையில் ஜன்னல் இருக்கிற வீட்டில் வாழ்வேன். செத்துப்போனவரை நினைத்து அழ வேண்டுமென்றால் அழுவேன், அதற்காக யாரும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாத வீட்டில் வாழ்வேன். கடைசி வாக்கியத்துக்கு எனக்கு ஸ்பானிஷ் போதவில்லை, பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன். மகள் பலாக்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது அத்தை வாசலிலேயே நின்றார். "எவனக் கேட்டுக்கினு போன?" என்றார். பதில் என் வாயில் இருந்தது, மகள் முந்திக்கொண்டாள். "யாரையும் கேக்கல ஆயா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வாங்கி வந்த பலாச்சுளையை நீட்டினாள். அத்தை என்னோடு மூன்று நாள் பேசவில்லை. சுளையை மட்டும் சாப்பிட்டார்.

தேர்வும் அதே மாடியில்தான் நடந்தது. போன் செய்கிறவர் உங்களைக் கண்டபடி திட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். அவர் முடிக்கிற வரை காத்திருந்து, தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்பேன் என்றேன். அதில் எனக்கு அனுபவம் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எங்கே வாழ்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. தயாராக வைத்திருந்த பதில் வீணாகிவிடக் கூடாது என்று நானே சொன்னேன். குச்சியோடு உட்கார்ந்திருந்த அத்தை, நான் சிரித்துப் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேறிவிட்டேன். அத்தையிடம் போய், சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, ஸ்கூல் லீவு விட்டதும் பிள்ளையோடு போகிறேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. போகட்டுமா என்றுதான் கேட்பார்கள். நான் கேட்கவில்லை என்பது அத்தைக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். கொழுந்தனார் வந்தார், பங்காளி வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். தனியாக ஒரு பொம்பளை மெட்ராஸில் எப்படி இருப்பாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கொழுந்தனார், போறதுன்னா போங்க அண்ணி, புள்ள இங்க இருக்கட்டும் என்றார். பிள்ளை என்னோடு வருவாள் தம்பி என்றேன். அத்தை அதுவரை சுவரில் மாட்டியிருந்த மகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எம்புள்ள இருந்திருந்தா நீ இப்பிடிக் கெளம்புவியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நான் அழ வேண்டும், அழுதால் காப்பி வரும், காப்பி குடித்தால் எல்லாரும் கலைவார்கள், நான் இருந்துவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடந்தது. எனக்கும் அழுகைதான் வந்தது. ஆனால் அழுதுகொண்டே பேசவும் முடியும் என்பதை அன்றைக்குக் கண்டுகொண்டேன்.

"கெளம்பியிருப்பேன் அத்தே," என்றேன். "அவரையும் கூட்டிக்கினு போயிருப்பேன். அவருக்கும் இந்த லோடு வேல புடிக்கல. உங்க கிட்ட சொல்ல பயந்துக்கினு இருந்தாரு."

அது நான் யாரிடமும் சொல்லாதது. அத்தைக்கும் தெரியும் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. படத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து மாடிக்குப் போனார். கிழங்கு காய்கிறது, காக்கா வரும் என்றார். பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். காப்பி யாரும் போடவில்லை.

அத்தை மனசு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். லீவு விடுகிற வரைக்கும் என்னோடு அளந்துதான் பேசினார். "அவன் இருந்திருந்தா" என்று மட்டும் என் காதுபட மறுபடி சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. மகள் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஆயா கிட்ட கேட்டாச்சாம்மா?" என்றாள்.

"கேக்கல. சொல்லிட்டேன்."

அவள் மாட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"அப்ப நானும் சொல்லிட்டு வரேன்" என்று உள்ளே ஓடினாள்.